ஒரே ஒரு தடவை செய்யும் இயந்திரத்துக்கு ஏது பட்டியல்?
ஆர்டருக்குச் செய்யும் தொழிற்சாலைகளில் ஈ.ஆர்.பி. நுழைந்த கதை

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "உன் வேலை சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுப்பா, கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கனவே நிறைய வந்துடுச்சு" என்றார். படித்து முடித்து வெளியே வந்த நாளிலிருந்து நான் கட்டிக்கொண்டு மாரடிப்பது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் ஈ.ஆர்.பி. நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் அதை விற்கிறோம் அல்லது நிறுவிக் கொடுக்கிறோம். மீதிப் பேர் அதைத் திட்டிக்கொண்டே அதில் வேலை செய்கிறோம். ஆனால் அது யாருக்காகச் செய்யப்பட்டது, நம் மாதிரி ஆட்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

நம் மாதிரி ஆட்கள் என்று நான் சொல்வது பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், பிரஷர் வெஸல், ஸ்விட்ச்கியர் பேனல், எஸ்.பி.எம். இயந்திரங்கள் செய்கிறவர்களை. வாடிக்கையாளர் கேட்கிற அளவுக்கு, அவர் கேட்கிற மாதிரி, பெரும்பாலும் ஒரே ஒரு முறை செய்து கொடுப்பவர்கள். ஸ்கூட்டர் செய்பவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் ஹோட்டல் சரக்கு மாஸ்டருக்கும் கல்யாண சமையல்காரருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஹோட்டலில் நாளைக்கு எத்தனை இட்லி போகும் என்று தெரியும். ஒரு இட்லிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து என்பதும் தெரியும். கல்யாண சமையல்காரரோ, மெனு முடிவாகும் முன்பே சாமான் லிஸ்ட் எழுதியாக வேண்டும். பெண் வீட்டார் பாதியில் வந்து "பாதாம் அல்வாவைச் சேர்த்துக்குங்க" என்பார்கள். அட்வான்ஸ் மட்டும் பழைய மெனுவுக்குத்தான் வாங்கியிருப்பார்.

இந்த மென்பொருள் பிறந்தது ஹோட்டல்காரருக்காக. கல்யாண சமையல்காரர் அதை இரவல் வாங்கினார். சிக்கல் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

டிராக்டரில் தொடங்கியது

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டோர்ஸில் இருந்தது பின் கார்டு. ஒரு பொருள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் திரும்ப ஆர்டர் போடு என்பதுதான் முறை. எவ்வளவு ஆர்டர் போடுவது என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதிய அதே ஈ.ஓ.க்யூ. சூத்திரம். அதில் ஒரு பெரிய ஓட்டை. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, தன் பாட்டுக்குச் செலவாகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் டிராக்டர் சக்கரத்தின் போல்ட் தன் பாட்டுக்கா செலவாகிறது? எத்தனை டிராக்டர் செய்கிறோமோ அதைப் பொறுத்தல்லவா போல்ட் வேண்டும்?

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஜோசப் ஆர்லிக்கி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்கா போய் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். 1960களின் தொடக்கத்தில் ஜே.ஐ. கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து, டிராக்டர் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த உதிரி எந்தத் தேதியில் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் முறையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 1964இல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி அதைப் பயன்படுத்தியது. இதுதான் எம்.ஆர்.பி. அந்தக் காலத்தில் இது சாத்தியமானதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஐ.பி.எம். 1956இல் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில் டிஸ்க் வந்துவிட்டது. டேப்பில் வரிசையாகத்தான் படிக்க முடியும். டிஸ்க்கில் வேண்டிய இடத்துக்குத் தாவலாம். டிராக்டருக்குள் கியர் பாக்ஸ், அதற்குள் ஷாஃப்ட், அதற்குள் பேரிங் என்று தாவித் தாவி இறங்க டிஸ்க் இல்லாமல் ஆகாது.

ஆர்லிக்கியின் புத்தகம் 1975இல் வந்தபோது சுமார் 700 கம்பெனிகள் இந்த முறையில் இருந்தன. 1981இல் அது ஏறக்குறைய 8,000. ஆர்லிக்கி, ஜார்ஜ் ப்ளாசில், ஆலிவர் வைட் ஆகிய மூன்று பேரும் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரமே செய்தார்கள். வைட் கம்பெனிகளுக்கு ஏ, பி, சி, டி என்று கிரேடு வேறு போட்டார். நம் இன்டர்னல் மார்க் மாதிரிதான். பிறகு உற்பத்தியோடு பணக் கணக்கையும் சேர்த்து எம்.ஆர்.பி. 2 என்று ஆக்கினார்கள். 1990இல் கார்ட்னர் நிறுவனம் இன்னும் கொஞ்சம் விரித்து ஈ.ஆர்.பி. என்று பெயர் வைத்தது.

இவை அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு அனுமானம் இருக்கிறது. பொருட்பட்டியல், அதாவது நாம் பி.ஓ.எம். என்று சொல்வது, முதல் நாளே முழுசாகக் கையில் இருக்கிறது என்பதுதான் அது. டிராக்டருக்கு இருக்கும். ஆர்டர் வாங்கிய பிறகுதான் டிராயிங்கே போடத் தொடங்குகிறவனுக்கு?

இன்னொரு வாய்க்கால்

அதே காலத்தில் வேறொரு வாய்க்காலும் ஓடிக்கொண்டிருந்தது. 1957இல் டூபாண்ட் கம்பெனியில் சி.பி.எம்., 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பெர்ட். 1968இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பெரிய வேலையை மரக்கிளை மாதிரி பிரித்து எண் கொடுக்கும் டபிள்யூ.பி.எஸ். முறைக்கு ஒரு தரநிலையே வெளியிட்டது. இவை ஒரே தடவை செய்யும் வேலைக்கானவை. எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று சொல்லும். ஆனால் ஸ்டோர்ஸில் 32 எம்.எம். பிளேட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

நமக்கு இரண்டும் ஒரே பேப்பரில்தான் வந்தது. பெர்ட் ஒரு யூனிட், எம்.ஆர்.பி. ஒரு யூனிட். இரண்டிலும் 16 மார்க் கேள்வி. ஏதாவது ஒன்றைப் படித்தால் போதும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஆர்டருக்குச் செய்யும் தொழிற்சாலைக்கு இரண்டுமே, அதுவும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும்படி வேண்டும் என்பது வேலைக்குப் போனால்தான் தெரிகிறது.

ஆனால் ஒருங்கிணைந்த மென்பொருளை முதலில் கனவு கண்டவர்களில் ஒரு பகுதியினர் நம் ஜாதிதான். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் 1950களின் கடைசியில், வாடிக்கையாளர் கேட்கும் விவரத்தை உள்ளே போட்டால் டிசைனும் தயாரிப்பு முறையும் தானாக வெளியே வர வேண்டும் என்று ஒரு திட்டம் நடந்தது. "வோல்டேஜ் இவ்வளவு என்றால் இந்த உதிரி, அதற்கு மேல் என்றால் அந்த உதிரி" என்று அட்டவணையாக எழுதும் டாப்ஸால் என்ற மொழி அதிலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து 1960களின் தொடக்கத்தில் சார்லஸ் பாக்மன் அங்கே ஒரு உற்பத்திக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்தார். பிலடெல்பியாவில் இருந்த ஸ்விட்ச்கியர் தொழிற்சாலைதான் அதற்குச் சோதனைக்களம். ஸ்விட்ச்கியர் என்றாலே ஆளுக்கு ஒரு மாதிரி கேட்பார்கள். அந்த உதிரிகளின் உறவுகளைச் சேமித்து வைக்கத்தான் ஐ.டி.எஸ். என்ற டேட்டாபேஸை அவர் எழுதினார். 1973இல் டூரிங் விருது கிடைத்தது. உலகம் டேட்டாபேஸை எடுத்துக்கொண்டது. அது எந்தக் கடைக்காக எழுதப்பட்டதோ அந்தக் கடைக்காரனை மறந்துவிட்டது.

1980இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி, வாக்ஸ் கம்ப்யூட்டர் ஆர்டர்களில் எந்தப் பாகத்தோடு எது பொருந்தும் என்று சரிபார்க்க எக்ஸ்கான் என்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மக்டெர்மாட் எழுதியது. இருக்கும் பாகங்களைச் சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு அது நல்ல வழி. புதிதாகவே ஒரு பாகத்தை டிசைன் செய்கிறவர்களுக்கு அது போதாது.

விமானமும் ஒரு கல்யாண சமையல்தான்

எஸ்.ஏ.பி. 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பேரால் ஜெர்மனியில் தொடங்கப்பட்டது. முதல் வாடிக்கையாளர் ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் ஆலை. கணக்குப் புத்தகத்திலிருந்து வளர்ந்த மென்பொருள் என்பதால் இன்றைக்கும் அதில் நிதிக்காரர் வாசம் தூக்கலாகத்தான் இருக்கும். 1992இல் வந்த ஆர்/3 உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஸ்வீடனில் 1983இல் பல்கலைக்கழக நண்பர்கள் ஐந்து பேர் ஐ.எஃப்.எஸ். தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளரான அணுமின் நிலையத்துக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கியே வேலை பார்த்தார்களாம். நம் செட்டில் ஐந்து பேர் சேர்ந்தால் டீக்கடையைத் தாண்டியிருக்க மாட்டோம், அது வேறு விஷயம். நெதர்லாந்தில் யான் பான் 1978இல் தொடங்கிய பான் கம்பெனியின் மென்பொருளுக்கு, ஆர்டருக்குச் செய்யும் தொழிற்சாலைகளில் நல்ல பெயர் இருந்தது. 1994இல் அதற்கு போயிங் ஆர்டர் கிடைத்தது.

போயிங் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் எல்லோருடைய பிரச்சினையும் அங்கே பெரிய எழுத்தில் இருக்கிறது. விமானம் என்பது வரிசையாக வரும் பொருள் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு விமான கம்பெனியும் சீட், சமையலறை, கழிப்பறை, கருவிகள் என்று தனக்கு வேண்டியபடி கேட்கும். போயிங்கில் இரண்டாம் உலகப் போர் காலத்து முறை ஒன்று தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு டிராயிங்கிலும் இந்தப் பாகம் எந்தெந்த விமான எண்ணுக்குப் பொருந்தும் என்று எழுதி வைப்பார்கள். போர்க்காலத்தில் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்தபோது அது சுலபம். பிறகு ஒவ்வொரு விமானத்துக்கும் லட்சக்கணக்கான பாகங்களுக்கு எண் எழுதி, மாற்றி, திரும்ப எழுதி, ஒன்றோடொன்று பேசாத நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் சிஸ்டங்களில் அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

1994இல் தொடங்கிய மாற்றத்தில் அவர்கள் செய்த முக்கியமான காரியம், என் அபிப்பிராயத்தில், மென்பொருள் வாங்கியது அல்ல; பாகங்களை மூன்று ஓடைகளாகப் பிரித்ததுதான். எல்லா விமானத்துக்கும் மாறாமல் வருவது ஒன்று. முன்பே ஒரு தடவை செய்து பார்த்துவிட்ட விருப்பத் தேர்வுகள் இரண்டு. இந்த வாடிக்கையாளருக்காக மட்டும் புதிதாக டிசைன் செய்ய வேண்டியது மூன்று. முதல் ஓடைக்கு மறுபடி எண் எழுத வேண்டாம், மறுபடி சரிபார்க்க வேண்டாம். இன்ஜினியர்களின் நேரம் மூன்றாவது ஓடைக்கு மட்டும் போகட்டும்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே போயிங் உற்பத்தியை வேகமாக ஏற்றியது. பாகங்களும் கிடைக்கவில்லை, பழகிய ஆட்களும் போதவில்லை. 1997 அக்டோபரில் 747, 737 இரண்டு வரிசைகளையும் நிறுத்திவிட்டு, பாகம் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காலாண்டில் 160 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள். மென்பொருள் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் "எந்தப் பாகம் எங்கே இருக்கு?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாத தொழிற்சாலை வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டாம். பான் கம்பெனியும் 1998இல் நிதிச் சிக்கலில் மாட்டி, 2000இல் இன்வென்சிஸ் கைக்குப் போய், பிறகு கைமாறிக் கைமாறி இன்று இன்ஃபோர் கம்பெனியில் எல்.என். என்ற பெயரில் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம்

திருச்சியில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை 1965இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு தொடங்கியது. ஆர்லிக்கியின் பிறந்த நாட்டுக்காரர்கள் நமக்கு பாய்லர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் அங்கே டிராக்டருக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். பெல் ஆலையைச் சுற்றி துவாக்குடி பக்கம் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. சென்னையில் ராம்கோ குழுமம் 1990களில் மார்ஷல் என்ற பெயரில் ஈ.ஆர்.பி. மென்பொருளை இந்தியாவிலேயே உருவாக்கி விற்றது. அந்தத் துணிச்சலுக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், மென்பொருள் வந்த முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆர்டர். டெலிவரி எட்டு மாதம். டியூப் ஷீட்டுக்கான ஃபோர்ஜிங் வர நாலு மாதம். வாடிக்கையாளர் டிராயிங்கை அப்ரூவல் செய்து அனுப்ப மூன்று மாதம். புது விதிப்படி, அப்ரூவலான டிராயிங்கிலிருந்து பி.ஓ.எம். ஏறினால்தான் இண்டென்ட் வரும், இண்டென்ட் வந்தால்தான் பர்ச்சேஸ் ஆர்டர். மூன்றும் நாலும் ஏழு. மீதி ஒரு மாதத்தில் டிரில் அடித்து, டியூப் சொருகி, வெல்டு செய்து, டெஸ்ட் எடுத்து லாரி ஏற்ற வேண்டும். தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு என்று எல்.டி. பிடிப்பார்கள்.

அங்கே பிளானிங்கில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் கக்கத்தில் இருக்கும். ஆர்டர் வந்த அன்றைக்கே அவர் ஃபோர்ஜிங் கம்பெனிக்கு போன் போட்டு, "தம்பி, ஒரு ஸ்லாட் எழுதி வச்சுக்க, சைஸ் பின்னாடி சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். மென்பொருள் நிறுவ வந்தவருக்கு இது பிடிக்கவில்லை.

"சார், சிஸ்டத்தை பைபாஸ் பண்றீங்க."

"தம்பி, நான் பைபாஸ் பண்ணலை. உங்க சிஸ்டம் இன்னும் எழுந்திரிக்கலை. அதுக்கு முன்னாடி நான் எழுந்திரிச்சுட்டேன், அவ்வளவுதான்."

கடைசியில் நிறுவ வந்தவரே ஒரு வழி கண்டுபிடித்தார், நல்ல மனிதர். டிராயிங் வருவதற்கு முன்பே பிளேட், ஃபோர்ஜிங், டியூப் என்ற மூன்று வரிகள் மட்டும் கொண்ட முன்பட்டியல் ஒன்றை ஜாப் நம்பரின் மேல் ஏற்றுவது. டிராயிங் வந்தபிறகு அந்த வரிகளை உண்மையான அளவோடு மாற்றி, மீதிப் பாகங்களை அடியில் கோப்பது. அண்ணனின் நோட்டில் ஒவ்வொரு ஜாப்புக்கும் முதல் பக்கத்தில் இருந்ததும் இதே மூன்று வரிதான். பெரிய மென்பொருள்களில் இந்த வசதிக்கு வேறு வேறு பெயர்கள் உண்டு. ஆனால் தானாக வேலை செய்யாது. யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, கடன். ஃபேப்ரிகேஷன் கடையில் ஒரு ஜாப்புக்கு வாங்கிய பிளேட்டை இன்னொரு ஜாப்புக்கு வெட்டுவது அன்றாடம் நடப்பது. "அந்த ஜாப்லேருந்து கடன் வாங்கிக்கிறேண்ணே, அடுத்த வாரம் திருப்பிடுறேன்" என்பார் சூப்பர்வைசர். திருப்புவதும் உண்டு, திருப்பாததும் உண்டு. நோட்டில் இருக்காது. பிரஷர் வெஸலில் இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஹீட் நம்பர் உண்டு. எந்த ஹீட் நம்பர் எந்த வெஸலின் எந்த இடத்தில் போனது என்று மில் சர்ட்டிபிகேட்டோடு காட்ட வேண்டும். வெடிக்கக்கூடிய பொருள் அது. அமெரிக்காவில் 1905இல் ப்ராக்டன் நகரத்து ஷூ தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்த பிறகுதான் அங்கே பாய்லர் சட்டங்கள் இறுகத் தொடங்கின. மென்பொருளில் பிளேட்டை ஜாப் வாரியாகப் பூட்டி வைக்கலாம்; கடன் கொடுக்க வேண்டுமானால் இன்ஸ்பெக்‌ஷன் கையெழுத்தோடு மாற்றம் போட வேண்டும். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனால் எந்த ஜாப்பில் லாபம், எந்த ஜாப்பில் நஷ்டம் என்று முதலாளிக்கு முதன்முதலாகத் தெரிந்தது இந்தப் பூட்டினால்தான். அதுவரை கடன் கொடுத்த ஜாப் நஷ்டமாகவும் கடன் வாங்கிய ஜாப் லாபமாகவும் தெரிந்துகொண்டிருந்தது. அதை நம்பி, லாபம் என்று தெரிந்த வகையிலேயே குறைந்த விலைக்கு மேலும் மேலும் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன யூனிட்டுகள் பல மூடுவதற்கு ஆர்டர் குறைந்தது மட்டும் காரணம் இல்லை. இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத கசிவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சிறிய கடைகளுக்கென்றே எழுதிய மென்பொருளும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1992இல் லில்லி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி விஷுவல் மேனுஃபாக்சரிங் என்பதைக் கொண்டுவந்தது. கொட்டேஷனுக்குப் போட்ட எஸ்டிமேட்டே அப்படியே ஜாப் கார்டாக மாறும். உண்மைச் செலவு அதன் பக்கத்திலேயே ஏறும். ஆர்டருக்குச் செய்கிறவன் மனசு தெரிந்து எழுதியது. நம் ஊரில் சின்ன யூனிட்டுகளில் கம்ப்யூட்டர் என்றால் டாலிதான். மீதி எல்லாம் எக்ஸெல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு ஈ-இன்வாய்ஸ் கட்டாயமானபோதும், பில் போடும் பக்கம் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஜாப் செலவுக் கணக்கு இன்னும் சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருக்கும் சின்ன டைரியில்தான் இருக்கிறது. மும்பையிலிருந்து வரும் ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் மாதிரி இலவச மூல மென்பொருள்கள் இப்போது இருப்பதால் லைசென்ஸ் விலை ஒரு சாக்காக இருக்க முடியாது. ஆனால் ஒரே 32 எம்.எம். பிளேட்டுக்கு ஸ்டோர்ஸில் ஒரு கோடு, டிசைனில் ஒரு கோடு, பர்ச்சேஸில் ஒரு கோடு என்று இருந்தால் இலவசமாக வந்தாலும் பயன் இல்லை.

பெரிய கம்பெனிகளில் இந்த வேலை இப்போது மும்முரமாக நடக்கிறது. பழைய எஸ்.ஏ.பி. பதிப்புக்கு 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பு நின்றுவிடும் என்று கெடு வைத்திருப்பதால், புதியதுக்கு மாறும் முன் ஐட்டம் கோடுகளைச் சுத்தம் செய்ய ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு குழுவில்தான் இருக்கிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் யாராவது இருந்தால், சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னைப் பிடியுங்கள். பிளேட், பைப், ஃபிளேஞ்சுக்கு நாங்கள் போட்டிருக்கும் கோடு முறையை லேப்டாப்பில் கொண்டுவருகிறேன். உங்களுடையதையும் கொண்டுவாருங்கள்.